127 டிகிரி, 7.9 வோல்ட், ஓடாத விசிறி: எந்த அளவை நம்புவது?

நீலவானம்:

வணக்கம். வீடியோ தொகுப்பு வேலைக்கு ஒரு மேசைக் கணினி வைத்திருக்கிறேன். அண்மைக் காலமாக வீடியோவை ஏற்றுமதி செய்யத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே வேகம் படுத்துவிடுகிறது. காரணம் தெரிந்துகொள்வதற்காக வன்பொருள் கண்காணிப்பு மென்பொருள் ஒன்றை நிறுவினேன். அதைத் திறந்தது முதல் எனக்கு நிம்மதி இல்லை.

மதர்போர்டு பகுதியில் ‘ஆக்ஸ்டின் 3’ என்ற வெப்பநிலை 127 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. கணினியை இயக்கிய முதல் நொடியிலும் அதே 127. ‘டிஇசட் 00’ என்று இன்னொன்று, அது 27.8 டிகிரியை விட்டு அசைவதே இல்லை. பவர் சப்ளையின் 12 வோல்ட் வரிசையில் 7.9 வோல்ட் என்று வருகிறது. ப்ராசசர் விசிறி பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,400 சுற்றில் ஓடுகிறது. ஆனால் திடீரென்று ஒரு நொடி 0 ஆகிறது, சில நேரம் நம்பவே முடியாத பல்லாயிரத்துக்குத் தாவுகிறது. பெட்டி விசிறி மூன்று எப்போதும் 0.

ப்ராசசர் சும்மா இருக்கும்போது 45 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏற்றுமதி தொடங்கினால் 100. புதிய ப்ராசசர்களுக்கு அது இயல்பு என்று படித்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விசிறி வேகத்தைக் கட்டுப்படுத்த மதர்போர்டு தயாரிப்பாளரின் மென்பொருளும் பின்னணியில் ஓடுகிறது. பவர் சப்ளையை மாற்றிவிடலாமா? மதர்போர்டு உள்ளே எரிந்துகொண்டிருக்கிறதா? தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

மின்மினி:

127 டிகிரியை மறந்துவிடுங்கள் நண்பரே, அங்கே சென்சாரே இல்லை. பவர் சப்ளையை மாற்றுவதற்கு முன், கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் அங்கே 12 வோல்ட் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள்.

கருங்காலி:

மின்மினி சொன்னது சரி. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 100 டிகிரிதான் என்னை உறுத்துகிறது. அதற்கு வருகிறேன்.

மதர்போர்டில் சூப்பர் ஐஓ என்ற சிறிய சிப் ஒன்று உண்டு. நுவோட்டன், ஐடிஇ நிறுவனங்களின் சிப்புகளைத்தான் அதிகம் பார்க்கலாம். வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறிச் சுற்று எல்லாவற்றையும் அளப்பது அதுதான். அதில் சென்சார் இணைக்கப் பல கால்கள் இருக்கும். மதர்போர்டு தயாரிப்பாளர் அவற்றில் சிலவற்றை மட்டுமே பயன்படுத்துவார். மீதிக் கால்கள் எதனோடும் இணையாமல் தொங்கும், சிப்போ அவற்றையும் விடாமல் அளந்துகொண்டே இருக்கும். கூட்டல், கழித்தல் குறியோடு சேர்த்து எட்டு பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 127. ஆகவே திறந்து கிடக்கும் கால் 127 என்று முட்டி நிற்கிறது. வேறு சில போர்டுகளில் அதே காரணத்தால் உறைபனிக்கும் கீழான எண்கள் வரும். மதர்போர்டின் ஒரு மூலை உண்மையிலேயே 127 டிகிரியில் இருந்தால், பெட்டியைத் திறந்ததும் கருகல் நாற்றமே உங்களிடம் சொல்லிவிடும்.

27.8 இன்னும் எளிது. அந்த எண் பயாஸிலிருந்து, அது இயங்குதளத்தோடு பேசும் ஏசிபிஐ என்ற வழியாக வருகிறது. அந்த வழியில் வெப்பநிலை கெல்வினில், பத்தில் ஒரு பங்கு அலகில் எழுதப்படும். யாரோ 3010 என்று நிலையாக எழுதி வைத்துவிட்டார்கள், அதாவது 301.0 கெல்வின். 273.2 கழித்தால் 27.8. அதற்குப் பின்னால் எந்தச் சென்சாரும் இல்லை.

12 வோல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு எண்ணைப் பார்த்து நல்ல பவர் சப்ளையைத் தூக்கி எறிந்தவர்கள் பலர். அந்தச் சிப்பால் நேரடியாக அளக்க முடிவது ஏறக்குறைய 2 வோல்ட் வரைதான். 12 வோல்ட்டை இரண்டு மின்தடைகளால் பங்கிட்டுச் சிறிதாக்கித்தான் அதற்குக் கொடுக்கிறார்கள். மென்பொருள் அந்தச் சிறிய எண்ணைத் திரும்பப் பெருக்கிக் காட்ட வேண்டும். எதனால் பெருக்குவது? அது போர்டுக்குப் போர்டு மாறும். உங்கள் மாடலின் விகிதம் மென்பொருளுக்குத் தெரியாவிட்டால் பொதுவான ஒன்றை வைத்துப் பெருக்கும், 7.9 அப்படித்தான் பிறக்கிறது. பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதியின் பழைய பதிப்புகளின்படி 12 வோல்ட் வரிசை 5 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. உண்மையில் 7.9 ஆக இறங்கியிருந்தால் கணினி அணைந்திருக்கும். நீங்கள் இந்தக் கேள்வியையே அதில் எழுதியிருக்க முடியாது. சந்தேகம் தீரவில்லையென்றால் மல்டிமீட்டரால் அளந்துவிடுங்கள்: பயன்படாமல் கிடக்கும் நான்கு முள் பவர் இணைப்பில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே. பளுவேற்றும்போதும் 11.4க்கு மேல் நின்றால் அந்தக் கவலை முடிந்தது.

விசிறி தாவுவதற்குக் காரணம் இரண்டு மென்பொருள்கள் ஒரே சிப்பைப் பிடித்து இழுப்பது. சூப்பர் ஐஓ சிப்பில் அளவுகள் பல தொகுதிகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். படிக்க வருபவர் முதலில் ‘இந்தத் தொகுதி’ என்று தேர்ந்தெடுத்து, பிறகு எண்ணைப் படிக்க வேண்டும். ஒருவர் தேர்ந்தெடுத்தபின், படிப்பதற்குள் இன்னொருவர் தொகுதியை மாற்றிவிட்டால் முன்னவருக்கு ஏதோ ஒரு எண் கிடைக்கும். பொறுப்பாக எழுதப்பட்ட மென்பொருள்கள் பொதுவான ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டு முறைவைத்துப் படிக்கின்றன. எல்லாமே அப்படி எழுதப்படுவதில்லை. ஒன்றை முழுமையாக மூடிவிட்டுப் பாருங்கள். பெட்டி விசிறி மூன்று 0 என்பது அந்த இணைப்பில் விசிறியே இல்லை என்பதாக இருக்கலாம். அல்லது ஒரே இணைப்பிலிருந்து இரண்டு விசிறிக்குக் கம்பி பிரித்திருந்தால், சுற்றைச் சொல்லும் கம்பி ஒரு விசிறிக்கு மட்டுமே போகும்.

இனி அந்த 100. என் கணிப்பில் உங்கள் பட்டியலில் உண்மையான நோய் அது ஒன்றுதான். இன்டெல் ப்ராசசராக இருந்தால், உள்ளே இருக்கும் சென்சார் உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் என்றுதான் எண்ணுகிறது. அந்த வரம்பு பல மாடல்களில் 100. சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணில் சில டிகிரி பிழை இருக்கலாம், வரம்புக்கு அருகே அது நம்பத்தக்கது. 100ஐத் தொட்டதும் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. உங்கள் ஏற்றுமதி படுத்துவிடுவது அதனால்தான்.

ஒன்று சொல்லுங்கள்: 45லிருந்து 100க்குப் படிப்படியாக ஏறுகிறதா, ஒரே பாய்ச்சலா? வெப்பத்தால் வேகம் குறைவதைச் சொல்லும் ‘தெர்மல் த்ராட்லிங்’ என்ற வரியில் ‘ஆம்’ என்று வருகிறதா?

நீலவானம்:

மிக்க நன்றி ஐயா. தயாரிப்பாளரின் மென்பொருளை மூடிவிட்டேன், விசிறியின் தாவல் அப்படியே நின்றுவிட்டது. பயாஸில் 12.096 வோல்ட் காட்டுகிறது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது விசிறி இணைப்பு காலியாகத்தான் இருக்கிறது.

ப்ராசசர் இன்டெல்தான். வெப்பம் ஏறுவது ஒரே பாய்ச்சல். ஏற்றுமதிப் பொத்தானை அழுத்திய இரண்டு மூன்று நொடிகளில் 100. நிறுத்தினால் உடனே 50களுக்கு இறங்குகிறது. த்ராட்லிங் ‘ஆம்’.

கருங்காலி:

பெட்டிக்குள் காற்றோட்டம் போதாவிட்டால் வெப்பம் நிமிடக் கணக்கில் மெல்ல ஏறும், ஏனென்றால் ஹீட்சிங்க் என்ற அந்த உலோகக் கட்டி முதலில் சூடாக வேண்டும். நொடிகளில் பாய்கிறது என்றால் வெப்பம் ஹீட்சிங்குக்குப் போய்ச் சேரவே இல்லை. பளு ஓடும்போது ஹீட்சிங்கின் அடிப்பகுதியைப் பக்கவாட்டில், விசிறிக்கு விரல் போகாமல், மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ப்ராசசர் 100ல் நிற்க, ஹீட்சிங்க் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே தொடர்பு கெட்டிருக்கிறது. பிடிமானம் தளர்ந்திருக்கலாம், இரண்டுக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கழற்றிப் பாருங்கள்.

பனைமரம்:

இடையில் ஒரு சொல், ஏஎம்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக. 2017ல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் போன்றவற்றில் ‘டிசிடிஎல்’ என்ற அளவு உண்மையான வெப்பத்தைவிட 20 டிகிரி கூட்டிக் காட்டும். விசிறி வேகத்தை முடிவு செய்வதற்காக வேண்டுமென்றே கூட்டப்பட்டது அது. உண்மை வெப்பத்துக்கு ‘டிடை’ என்ற வரியைப் பாருங்கள்.

நீலவானம்:

கழற்றிப் பார்த்துவிட்டேன். ஹீட்சிங்க் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. அதைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று போர்டின் துளைக்குள் விரியாமல் மேலே எழும்பி நின்றது. அந்த மூலையில் பேஸ்ட் காய்ந்து பொடியாகிவிட்டிருந்தது. பழையதை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிய பேஸ்ட் இட்டு, ஊசிகளை எதிரெதிர் மூலையாக அழுத்தினேன். நான்கும் ‘டிக்’ என்று விழுந்தன. இப்போது முழு ஏற்றுமதியிலும் 78ஐத் தாண்டவில்லை, வேகமும் குறையவில்லை. உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். 127க்காக மென்பொருள் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அதை எப்படி நிறுத்துவது?

மின்மினி:

ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கண்காணிப்பு மென்பொருள்களில் அந்த வரியின் மேல் வலது சொடுக்கினால் மறைக்கவோ முடக்கவோ வழி இருக்கும். எச்சரிக்கையை ப்ராசசரின் உச்ச வெப்பநிலைக்கு மட்டும் வையுங்கள். உங்களுக்கு 90 போதும், 78ல் ஓடுகிற கணினி அங்கே போனாலே ஊசியைப் பார்க்க வேண்டிய நேரம்.

பனைமரம்:

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் எல்எம்-சென்சார்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் அமைப்புக் கோப்பில் அந்தச் சிப்புக்கு ‘இக்னோர்’ என்று ஒரு வரி சேர்த்தால் 127 காணாமல் போகும். 12 வோல்ட்டுக்கு அதே கோப்பில் ‘கம்ப்யூட்’ வரி எழுதி, பயாஸ் அல்லது மல்டிமீட்டர் அளவோடு ஒத்துப்போகும் விகிதத்தைக் கொடுத்துவிடலாம்.