மெட்டாபேக்கேஜ் உருவாக்கும் கருவியை மாற்றி எழுதுவது எப்படி?

கேள்வி:
டெபியன் வழி டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு). மற்ற பேக்கேஜ்களைச் சேர்த்து இழுக்கும் வெற்றுப் பேக்கேஜான மெட்டாபேக்கேஜை அதற்கு உருவாக்குகிறோம். பழைய ஷெல் ஸ்கிரிப்ட் பட்டியலில் உள்ள எல்லாப் பெயரையும் டிபெண்ட்ஸில் (கட்டாயத் தேவைப் பட்டியல்) கொட்டுகிறது. ஒரு பேக்கேஜ் களஞ்சியத்தில் இல்லையென்றாலும் மெட்டாபேக்கேஜை நிறுவ முடிவதில்லை. பைத்தானில் புதிதாக எழுதப்போகிறோம். எதிலிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
டிபெண்ட்ஸைச் சுருக்குங்க. கட்டாயமானவை மட்டும் அதில் இருக்கட்டும், மற்றதெல்லாம் ரெக்கமெண்ட்ஸ் (பரிந்துரைப் பட்டியல்). பேக்கேஜ் நிறுவும் கருவியான ஆப்ட் இயல்பாகவே அவற்றையும் நிறுவும். பயனர் ஒன்றை நீக்கினால் மெட்டாபேக்கேஜ் கூடவே போகாது. டெபியனின் மெட்டாபேக்கேஜ் கருவியான பிளெண்ட்ஸ்-டெவ் செய்வதும் இதுதான். களஞ்சியத்தில் இல்லாததை அது சஜெஸ்ட்ஸுக்கு (இயல்பாக நிறுவப்படாத யோசனைப் பட்டியல்) தள்ளிவிடும்.

மறுமொழி 2:
தள்ளட்டும், ஆனால் சத்தமில்லாமல் வேண்டாம். எழுத்துப்பிழையும் பெயர் மாறிய பேக்கேஜும் அதே வழியில் காணாமல் போகும். எச்சரிக்கை காட்டி, சேர்ந்தவை நீங்கியவை இரண்டையும் சேஞ்ச்லாகில் (மாற்றப் பதிவு) எழுத வையுங்க. இன்னொன்று: களஞ்சியத்தைப் பார்ப்பது தனி அப்டேட் படியாக இருக்கணும், விளைவை சோர்ஸிலேயே கமிட் செய்யணும். பில்டு நேரத்தில் நெட்வொர்க்கைத் தொட்டால் இன்றைய பில்டும் நாளைய பில்டும் ஒன்றாக இருக்காது.

கேட்டவர்:
ஏஆர்எம் பிராசசர்களுக்குச் சில பேக்கேஜ்கள் கிடையாது. அதற்கு?

மறுமொழி 2:
ஆர்க்கிடெக்சர் (பிராசசர் வகை) புலத்தில் 'ஆல்' போட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே டெப் ஃபைல், ஒரே பட்டியல்தான். 'எனி' என்று மாற்றி, ஆர்க்கிடெக்சருக்கு ஒரு பட்டியல் ஃபைல் வைத்து, சப்ஸ்ட்வார் (பில்டின்போது மதிப்பு நிரப்பப்படும் மாறி) வழியாக கண்ட்ரோல் ஃபைலில் (பேக்கேஜ் விவர ஃபைல்) நிரப்புங்க. உபுண்டுவின் ஜெர்மினேட் கருவியின் முறை இதுவே.

மறுமொழி 1:
செக்‌ஷனை மெட்டாபேக்கேஜஸ் என்று குறிக்க மறக்காதீங்க. இல்லையெனில் மெட்டாபேக்கேஜை நீக்கியவுடன் ஆட்டோரிமூவ் (தேவையற்றுப்போன பேக்கேஜ்களை நீக்கும் ஆப்ட் கட்டளை) டெஸ்க்டாப்பையே துடைத்துவிடும்.