மறுமொழி: வாசல் வளைவு நன்கொடை – ராப்பாட்டி இடத்துக்கு யார்?

அண்ணாச்சிமார், சித்தப்பா, மதினிமார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

ஊருக்கு வாசல் வளைவு கட்டுவதா, ஊர்ப் பள்ளியின் பெண் பிள்ளைகள் விடுதிக்குக் கொடுப்பதா என்று மூன்று வாரமாக நம் சங்கக் குழுவில் வரும் மடல்களை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். வாய் திறக்க வேண்டாம் என்றிருந்தேன். செவ்வாய்க்கிழமை மாட்டுங்கா அண்ணாச்சி, விடுதிப் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கும் படம் தினமும் குழுவுக்கு வந்தால்தான் பணத்தை விடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குமேல் பொறுக்கவில்லை.

இந்த முறை அசனத்துக்கு, கோவில் விருந்துக்கு, ஊருக்குப் போயிருந்தேன். மச்சினர் வீட்டில் படுக்க இடமில்லாத கூட்டம். வார்டனிடம் கேட்டு இரண்டு ராத்திரி விடுதியிலேயே பிள்ளைகளோடு பாய் போட்டுக்கொண்டேன். நான் வளர்ந்த அதே கூடம். சுவரில் என் டிரங்குப் பெட்டி உரசிய தடத்தைத் தேடினேன், வெள்ளையடித்துவிட்டார்கள்.

அதிகாலை நாலே முக்காலுக்கு அதே தண்டவாளத் துண்டில்தான் இன்னும் மணி அடிக்கிறார்கள். பாயைச் சுருட்டி, ஜெபம் முடித்து, பெரிய பிள்ளைகள் வேப்பஞ்சருகு கூட்டுகிறார்கள். சிறிய பிள்ளைகள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து ஒருத்தி தலையை இன்னொருத்தி பின்னிவிடுகிறாள். கடைசிப் படியில் இருப்பவளுக்குப் பின்ன ஆளில்லாமல் எங்கள் காலத்தில் சண்டை வரும். இப்போதும் வருகிறது. சனிக்கிழமை சீயக்காய், பேன் பார்ப்பது, பாயை வெயிலில் போடுவது. ஞாயிறு வெள்ளை உடுப்பு. கிணற்றில் இறைத்த இடத்தில் மோட்டார் வந்திருக்கிறது. மற்றபடி கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த நாளை நான் நடந்து முடித்துவிடுவேன்.

ராத்திரிதான் வேறு மாதிரி. ஒன்பது மணிக்கு வெளியிலிருந்து கதவைப் பூட்டுகிறார்கள். சாவி கோவில் வாசலில் படுக்கும் காவல்காரரிடம். உள்ளே முப்பத்தொரு பெண் பிள்ளைகள். பெரியவள் என்றால் எட்டாம் வகுப்பு. மூலையில் ஒரு வாளி, எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் ராத்திரி ஒரு சின்னவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஜன்னல் வழியே நான் கத்தியது காவல்காரர் காதில் விழ இருபது நிமிடம் ஆனது. நான் இல்லாத ராத்திரியில் யார் கத்துவார்கள்? கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் எரிந்து போனது பகல் நேரத்தில், பள்ளி நடந்துகொண்டிருக்கும்போதே.

வார்டனைக் குறை சொல்லி யாரும் எழுதாதீர்கள். படுத்த படுக்கையாக மாமியாரை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் பகலெல்லாம் அங்கேதான் நிற்கிறார். ராத்திரிக்கு ஆள் வைக்கச் சம்பளம் இல்லை.

எங்கள் காலத்தில் ராப்பாட்டி இருந்தார். பெயர் ஒன்று இருந்திருக்கும், எங்களுக்கு ராப்பாட்டி. நிலைப்படிக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுப்பார். அவரைத் தாண்டாமல் ஒருவரும் உள்ளே வர முடியாது. இருட்டில் இருமினால் இருமலை வைத்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பாயை நனைத்தவளை விடியுமுன் எழுப்பி, துணியை அலசி, மற்றவர்களுக்குத் தெரியாமல் கொடியில் நடுவில் போட்டுவிடுவார். நான் நாலாம் வகுப்பு வரை நனைத்தேன். ஒருத்திக்கும் தெரியாது. இன்று நானே உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

இனி அண்ணாச்சியின் கணக்குக்கு வருகிறேன். சயானில் தணிக்கையாளர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் தட்டச்சு செய்தவள், எனக்கும் கொஞ்சம் தெரியும். அரசு காலை உணவு கொடுக்கும்போது விடுதி எதற்குக் காலைச் சாப்பாட்டுக்குப் பணம் கேட்கிறது என்கிறீர்கள். 2024 ஜூலை 15 முதல் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அந்தத் திட்டம் வந்தது உண்மைதான். ஆனால் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான், அதுவும் பள்ளி நாளில்தான். முப்பத்தொன்றில் பன்னிரண்டு பேருக்குத்தான் கிடைக்கிறது. ஆறாம் வகுப்புக்காரி தங்கை உப்புமா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு கஞ்சி குடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேருக்கும் கஞ்சிதான்.

லண்டன் மாப்பிள்ளை பணத்தைச் சங்கக் கணக்கில் போடச் சொல்லியிருக்கிறீர்கள். வேண்டாம். அவரிடம் இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் (FCRA) பதிவு இல்லாத நம் சங்கம் அதைக் கையால் தொடக் கூடாது. அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு உள்ளவர்களும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வாங்க வேண்டும், வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு மாற்றவும் முடியாது. துபாய் தம்பி இன்னும் இந்திய பாஸ்போர்ட்டில் இருப்பதால் அவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவதில் அந்தத் தடை இல்லை.

படம் மட்டும் கேட்காதீர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளத்தை, படத்தை வெளியிடக் கூடாது என்று 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் இருக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நம் குழுவில் போடுவது வெளியிடுவது ஆகாது என்று வாதாடுவீர்கள். வாதாடுங்கள். ஜெர்மனியில் விடுதிக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு அனுப்ப, எங்களையும் வருடத்துக்கு ஒருமுறை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து, கூடவே ஒரு கடிதம் எழுத வைப்பார்கள். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுத வேண்டும். ‘இங்கே நல்ல மழை பெய்தது, நான் நன்றாகப் படிக்கிறேன்.’ கிணறு வற்றி லாரித் தண்ணீர் வாங்கிய வருடமும் நல்ல மழைதான் பெய்தது. ஜெர்மனியில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களை எனக்குத் தெரியாது, அதனால் வெட்கம் இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

செம்பூர் சித்தப்பா, வளைவு ஊர் மானம் என்கிறீர்கள். என் கல்யாணத்துக்கு நீங்கள் செய்ததை மறக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நாள் பேசாதிருந்தேன். தாராவியில் எங்கள் கதவில் மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு எண்ணை எழுதிப் போயிருக்கிறார்கள். எங்கே வாசல் கிடைக்கும் என்று நமக்கே தெரியாத நேரத்தில் ஊருக்கு வாசலா? மாமனார் தோல் கிடங்கில் உப்பு அள்ளிய கூலியில் அந்தப் பள்ளிக்கு ஓடு வாங்கிக் கொடுத்தார். ஓட்டில் பெயர் எழுதவில்லை. வளைவுக்கு 2,40,000 ரூபாய். ராத்திரி தங்கும் ஒரு பெண்ணுக்கு மாதம் 8,000 என்றால் முப்பது மாதச் சம்பளம். கீழத்தெருவில் விதவை ஒருவர் வரத் தயாராக இருக்கிறார், நானே பேசிவிட்டேன். உள்ளே தாழ்ப்பாளும் கழிப்பறைக்கு ஒரு விளக்கும் போட்டால் பூட்டு வேண்டாம்.

என் பங்கு மாதம் ஆயிரம், அடுத்த மாதம் முதல். வளைவுக்கு என்றால் ஒரு பைசா இல்லை. முன்பு மணிக்கூண்டுக்கு வசூலித்த பணம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கப் போவதில்லை, கேட்க வேண்டியவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்று, அண்ணாச்சி. நன்கொடைப் பட்டியலில் எல்லோர் பெயருக்கும் பக்கத்தில் தெருப் பெயர் போடுகிறீர்கள். எனக்கு மட்டும் ‘விடுதி’ என்று போடுகிறீர்கள். இருபத்தெட்டு வருடமாக நான் மேலத்தெரு மருமகள். அடுத்த பட்டியலில் மாற்றிவிடுங்கள்.