கலைச்சொல் தேவை: ரெஸ்க்யூ மோட், எமர்ஜென்சி மோட்

காரைக்குடியிலிருந்து:
வணக்கம். லினக்ஸ் வகுப்புக் கையேடு நாளை அச்சகத்துக்குப் போகிறது. ஒரு பகுதி சொல் இல்லாமல் நிற்கிறது. பாம் (PAM, உள்நுழைபவரைச் சரிபார்க்கும் பகுதி) அமைப்புக் கோப்பில் ஒரு வரி பிசகினாலே ரூட் (தலைமைப் பயனர்) உட்பட யாரும் உள்ளே நுழைய முடியாமல் போகலாம். அப்போது கணினியை மறுபடி தொடங்கி, க்ரப் (கணினி தொடங்கும்போது வரும் தேர்வுப்) பட்டியலில் ஆங்கில 'ஈ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'சிஸ்டம்டி.யூனிட்=ரெஸ்க்யூ.டார்கெட்' சேர்க்கிறோம். இதுதான் ரெஸ்க்யூ மோட். அதில் கணினியிலேயே உள்ள கோப்பமைப்புகள் இணைந்துவிடும். எமர்ஜென்சி மோடில் ரூட் கோப்பமைப்பு (அடிப்படைக் கோப்பமைப்பு) மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் படிக்க மட்டுமே. எஃப்எஸ்டேப் (எந்தக் கோப்பமைப்பை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) பிழையானால் கணினி தானாகவே அங்கே போய் நிற்கும். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். 'மீட்பு நிலை', 'அவசர நிலை' சரியா?

தேவகோட்டையிலிருந்து:
ஐயா, 'மீட்சி' என்று போடுங்கள். யுத்த காண்டத்தில் மீட்சிப் படலமே இருக்கிறது. 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய உங்கள் காரைக்குடியில் அது புரியாதா? மீள், மீண்டும், மீட்சி எல்லாம் ஒரே வேர். யாழ் மீட்டுவதும் அதில் சேருமா என்பதைத் தனியாக எழுதுகிறேன். 'அவசரம்' வடசொல், 'நெருக்கடி நிலை' போதும்.

பள்ளத்தூரிலிருந்து:
அண்ணே, மீள்வது தன்வினை, மீட்பது பிறவினை. இராமன் தானே மீண்டான், அதனால் மீட்சி. கணினி தானாக மீளாது. ஆள் உட்கார்ந்து கோப்பைத் திருத்த வேண்டும். அடகு நகையைப் பணம் கட்டித்தானே மீட்கிறோம்? மீட்புதான் சரி. 'நெருக்கடி நிலை' என்றால் என் வயதுக்காரர்களுக்கு 1975தான் நினைவுக்கு வரும்.

கண்டனூரிலிருந்து:
'புழக்கடை வழி' என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுமே?

பள்ளத்தூரிலிருந்து:
வேண்டாம் ஆச்சி. பாதுகாப்புப் பாடத்தில் கள்ளத்தனமாக நுழையும் வழிக்குப் 'பின்வாசல்' என்கிறோம். குழம்பிவிடும்.

காரைக்குடியிலிருந்து:
சரி, நேரமில்லை. பெரும்பாலோர் சொன்னபடி 'மீட்பு நிலை'. எமர்ஜென்சிக்கு ஒப்புதல் வராததால் இந்தப் பதிப்பில் அப்படியே தமிழ் எழுத்தில் விடுகிறேன்.

தேவகோட்டையிலிருந்து:
என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். தன்வினை, பிறவினை பற்றி இன்னும் எழுத இருக்கிறது. அச்சுக்கு முன் ஒன்று: மீட்பு நிலையும் ரூட் கடவுச்சொல் கேட்கும். ரூட் கணக்கைப் பூட்டியிருந்தால் சில கணினிகள் அங்கேயே நின்றுவிடும். அப்போது அதே லினக்ஸ் வரியில் 'இனிட்=/பின்/பாஷ்' கொடுத்து (நேரே கட்டளை வரிக்குப் போக), ரூட் கோப்பமைப்பை எழுதும்படி ரீமவுன்ட் (மறுபடி இணைத்தல்) செய்ய வேண்டும். அந்த வரி கையேட்டில் இல்லை.