ஏரோபாரில் படுத்தால் நாரி இறுகுது, பவர் விழுது: முன்பக்கத்தை இன்னும் இறக்கலாமா?

கரையோரம்06:
வணக்கம். 70.3 ட்ரையத்லன் தூரத்துக்கு ஆயத்தமாகிறேன் (1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம்). தனியாக ட்ரையத்லன் சைக்கிள் இல்லை. அலுமினிய ரோட் சைக்கிளில் கிளிப்-ஒன் ஏரோபார் (முழங்கையை ஊன்றிப் படுத்து ஓட ஹாண்டிலில் கவ்விப் பூட்டும் தண்டுகள்) பூட்டியிருக்கிறேன்.

அளவுகள்: உயரம் 174 செ.மீ., நிறை 70 கிலோ, கவட்டிலிருந்து நிலம் வரை 81 செ.மீ. பிரேம் 54, சீற் குழாயின் கோணம் 73.5 பாகை. கிராங்க் (பெடல் கை) அச்சின் நடுவிலிருந்து சீற்றின் மேற்பரப்பு வரை 71.5 செ.மீ. சீற்போஸ்ற் பின்னுக்கு 25 மி.மீ. தள்ளினது. ஸ்டெம் (ஹாண்டிலைத் தாங்கும் கழுத்து) 110 மி.மீ., கிராங்க் 172.5 மி.மீ. முன்பக்கத்தை இறக்க, ஸ்டெம்முக்குக் கீழிருந்த ஸ்பேசர் வளையங்கள் எல்லாவற்றையும் எடுத்து மேலே போட்டாச்சு, ஸ்டியரிங் குழாயை இன்னும் வெட்டவில்லை.

ஹூட்டை (பிரேக் பிடியின் மேலுறை) பிடித்து ஓடும்போது 190 வாட் சுகமாக வருகிறது. ஏரோபாரில் படுத்தால் அதே இதயத்துடிப்புக்கு 170 தான். அரை மணித்தியாலத்துக்குள் சீற்றின் நுனிக்கு வழுகி வந்துவிடுகிறேன், கவட்டின் முன்பக்கம் விறைக்கிறது, நாரி இறுகுகிறது. பெடல் மேலே வரும்போது தொடை வயிற்றில் முட்டுகிற மாதிரி. இறங்கி ஓடத் தொடங்கினால் இடுப்பு நிமிர நேரமெடுக்கிறது. ஆனால் படத்தில் பார்த்தால் முதுகு இன்னும் உயரமாகத்தான் தெரிகிறது. கீழ்நோக்கின 17 பாகை ஸ்டெம் போட்டு இன்னும் இறக்கலாமா?

பெடல்காரி:
இறக்க வேண்டாம் தம்பி. சீற்றை முன்னுக்குத் தள்ளிப் பாருங்கோ. நீங்கள் நுனிக்கு வழுகி வாறது பழக்கக்குறைவால இல்லை, உடம்பு தனக்குச் சரியான இடத்தைத் தேடிப் போகுது. அந்த இடத்தில சீற் இல்லாததுதான் பிரச்சினை.

எதிர்காத்து:
முழங்கைத் தாங்கி ரெண்டையும் ஒட்டி வையுங்கோ, ஸ்டெம்மையும் இறக்குங்கோ, தலையையும் நல்லாக் குனிஞ்சு வையுங்கோ. காத்துக்குக் காட்டுற முகப்பு எவ்வளவு சின்னனோ அவ்வளவு நல்லம். நாரி நோ பழகப் பழகப் போயிடும்.

பெடல்காரி:
பழகினால் தோலும் தசையும் பழகும். மடங்கின இடுப்புக்குள்ளால 20 வாட் வெளிய வராது.

கரையோரம்06:
அக்கா சொன்னபடி ரெயிலில் இருந்த 25 மி.மீ. முழுவதையும் முன்னே தள்ளிவிட்டேன். விறைப்பு குறையட்டும் என்று சீற் நுனியையும் நன்றாக இறக்கினேன். விறைப்பு குறைந்தது, தொடை முட்டுவதும் குறைவு. ஆனால் இப்போது முழங்காலின் முன்பக்கம் நோகிறது, தோளும் மேற்கையும் எரிகின்றன. திரும்பப் பழைய இடத்துக்கே போகவா?

அலன்கீ:
திரும்ப வேண்டாம். தள்ளினது சரியான திசைதான், அதோடு சேர்த்துச் செய்யவேண்டிய இரண்டு வேலைகள் விடுபட்டுப் போய்விட்டன.

முதலாவது உயரம். சீற் குழாய் சாய்வாக இருப்பதால் சீற்றை மட்டமாக முன்னே நகர்த்தும்போது கிராங்க் அச்சுக்கும் சீற்றுக்கும் இடையிலுள்ள தூரம் குறைகிறது. 73.5 பாகையில் 10 மி.மீ. முன்னே போனால் ஏறத்தாழ 3 மி.மீ. இழப்பு. நீங்கள் 25 தள்ளியிருக்கிறீர்கள், ஆகவே 7 மி.மீ. பதிந்துபோய் ஓடுகிறீர்கள். முழங்கால் முன்பக்க நோவுக்கு முதலில் சந்தேகப்படவேண்டியது இதைத்தான். உங்கள் கால் நீளத்தை 0.883 ஆல் பெருக்கினால் 71.5 வருகிறது, முதலில் இருந்த உயரம் சரி. மீண்டும் அந்த 71.5 க்கே உயர்த்துங்கள்.

இரண்டாவது சீற்றின் சாய்வு. சீற்றின் மேல் ஒரு தடித்த புத்தகத்தை வைத்து, அதன் மேல் போனை வைத்து அளவுங்கள். நுனி 2 அல்லது 3 பாகை கீழே இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் உடம்பு ஓயாமல் முன்னே வழுகும், அதைக் கைகள்தான் தள்ளிப்பிடிக்க வேண்டும். தோள் எரிவது அதனால். விறைப்புக்கு மருந்து சாய்வு அல்ல, சீற்றின் வகை. நுனி இரண்டாகப் பிளந்த, குட்டையான ட்ரையத்லன் சீற் (ஐஎஸ்எம் மாதிரி) இடுப்பெலும்பின் முன்கிளைகளில் பாரத்தை ஏற்றி நடுவை விட்டுவிடும். ஏரோ நிலையில் இடுப்பு முன்னுக்கு உருளுவதால் சாதாரண ரோட் சீற்றில் பாரம் முழுக்க மென்மையான இடத்தில் விழுகிறது. பணம் செலவழிக்க வேண்டுமென்றால் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். கடையிலோ நண்பரிடமோ இரவல் வாங்கி ஓடிப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

இனி மூலக்காரணம். ரோட் பிரேமின் 73, 74 பாகை, கையை ஹூட்டில் வைத்து ஓடுவதற்காக அமைந்தது. ஏரோபாரில் படுக்கும்போது முதுகு இறங்குகிறது, இடுப்பு அதே இடத்தில் நிற்கிறது, இடையில் தொடைக்கும் வயிற்றுக்குமான கோணம் நசுங்குகிறது. கதிரையில் இருந்தபடி குனிந்து சப்பாத்து லேஸ் கட்டிக்கொண்டே பெடல் அடிப்பது போலத்தான். ட்ரையத்லன் சைக்கிள்களில் அந்தக் கோணம் 76 இலிருந்து 80 வரை போவது இதற்காகவே: முழு உடம்பையும் கிராங்க் அச்சைச் சுற்றி முன்னுக்கு உருட்டிவிட்டால் முதுகு இறங்கினாலும் இடுப்பு திறந்தே இருக்கும். சீற் நுனி எவ்வளவு முன்னே வரலாம் என்ற யூசிஐ (உலக சைக்கிளோட்டச் சம்மேளனம்) விதி, டிராஃப்டிங் (மற்றவரின் பின்னால் ஒட்டி ஓடுவது) இல்லாத ட்ரையத்லனில் உங்களைக் கட்டுப்படுத்தாது.

உங்கள் சீற் உயரத்தில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 12 மி.மீ. மூன்று பாகை திறக்க 35 முதல் 40 மி.மீ. வேண்டும். ரெயிலில் 25 கிடைத்துவிட்டது, ஆனால் ரெயிலின் வளைவில் கவ்வி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். குறித்திருக்கும் எல்லையைத் தாண்டினால் ரெயில் முறியும். நேரான, பின்தள்ளல் இல்லாத சீற்போஸ்ற் ஒன்று போட்டால் கவ்வியே 25 மி.மீ. முன்னே வரும், சீற்றை ரெயிலின் நடுவுக்குக் கொண்டுவரலாம். சீற்போஸ்ற்றின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள், 27.2 மி.மீ. ஆ 31.6 ஆ என்று தெரியாமல் கடைக்குப் போவதில் பயனில்லை.

கரையோரம்06:
புரிந்தது அண்ணா. அப்படியென்றால் ஸ்டெம்மையும் குட்டையாக்க வேண்டுமா? 110 நீளம்தானே.

அலன்கீ:
இப்போதைக்கு வாங்க வேண்டாம். சீற் 38 மி.மீ. முன்னே போனால் சீற்றுக்கும் முழங்கைத் தாங்கிக்கும் இடையிலான நீளம் தானாகவே 38 குறைந்துவிடும். அதற்குப் பிறகு பக்கவாட்டில் வீடியோ எடுங்கள்: சைக்கிளை ட்ரெய்னரில் (நின்ற இடத்தில் ஓட்டும் தாங்கி) ஏற்றி இரண்டு சில்லும் ஒரே மட்டத்தில், கமரா இடுப்பு உயரத்தில், மூன்று மீற்றர் தள்ளி. 15 நிமிடம் ஓடி உடம்பு இறங்கின பிறகு எடுங்கள், ஏறின உடனே எல்லாரும் அழகாகத்தான் இருப்பார்கள். மேற்கையும் உடம்பும் சேரும் கோணம் 90 பாகைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். 100 ஐத் தாண்டினால் நீட்டிப் பிடிக்கிறீர்கள், அப்போது 90 மி.மீ. ஸ்டெம் பற்றி யோசிக்கலாம்.

முன்பக்க உயரம் இன்னொரு கணக்கு. சீற் முன்னே போய், பிறகு மேலே ஏறினதால் தாங்கிக்கும் சீற்றுக்குமான இறக்கம் ஏற்கெனவே கூடிவிட்டது. மேலே கிடக்கும் ஸ்பேசர்களில் 15, 20 மி.மீ. ஐத் திரும்ப ஸ்டெம்முக்குக் கீழே போடுங்கள். குழாயை வெட்டாமல் விட்டது நல்லது. ஸ்பேசரை மாற்றும்போது ஒழுங்கு முக்கியம்: பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடியைக் கழற்றி மாற்றி, மேல்மூடியை ஆட்டம் போகுமளவு மட்டும் இறுக்கி, முன்பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து, கடைசியில் பக்கப் போல்ட்டுகளை 5 நியூட்டன் மீற்றருக்கு. மேல்மூடியை வைத்து ஸ்டெம்மை இறுக்க நினைத்தால் ஹாண்டில் திரும்பாது, பெயரிங்கும் போய்விடும்.

எதிர்காத்து:
உயர்த்தினால் காத்துத்தடை கூடாதா? பிறகு ஏரோபார் எதுக்கு?

அலன்கீ:
நியாயமான கேள்வி. கணக்காகவே பார்ப்போம். கொழும்பின் வெக்கைக் காற்றின் அடர்த்தி கன மீற்றருக்கு ஏறத்தாழ 1.15 கிலோ. மணிக்கு 35 கி.மீ. இல் சிடிஏ (உடம்பின் வடிவமும் முகப்புப் பரப்பும் சேர்ந்த காற்றுத்தடை அளவு) 0.32 என்றால் காற்றுக்கு மட்டும் 169 வாட் போகிறது, 0.28 என்றால் 148. 90 கி.மீ. க்கு அந்த வித்தியாசம் சுமார் ஆறு நிமிடம். சின்ன லாபமல்ல. ஆனால் இவர் படுத்தவுடன் 20 வாட்டை இழக்கிறார், லாபம் அப்படியே கரைகிறது. அரை மணிக்கொருதரம் எழும்பி நாரி நிமிர்த்தினால் நட்டம். தாங்கி 20 மி.மீ. உயர்ந்ததால் வரும் தடை, ஹூட்டுக்கு எழும்புவதால் வரும் தடையோடு ஒப்பிட்டால் கொசு.

தலையைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. குனிந்தால் ஏரோ ஹெல்மெட்டின் வால் மேலே தூக்கிக் காற்றைப் பிடிக்கும், பாதையும் தெரியாது. குனிவதற்குப் பதிலாகத் தோளைக் காதுக்கு அருகே சுருக்கி, தலையைத் தோள்களுக்கு நடுவில் இறக்க வேண்டும், கண் முன்னே பார்த்தபடியே. அது தசையால் பிடிப்பதல்ல. தாங்கி முழங்கை மூட்டுக்குச் சற்று முன்னே, முன்கையின் சதையில் இருந்து, ஏரோபாரின் முனை 10 முதல் 15 பாகை மேல்நோக்கி இருந்தால் பாரம் எலும்பில் இறங்கும், தோள் தானாகத் தளரும். அகலத்தை ஒரேயடியாக ஒட்டாமல் ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. ஆகக் குறையுங்கள். மூச்சு இறுகினாலோ நேராக ஓட்டக் கஷ்டமானாலோ ஒரு படி பின்னே.

பெடல்காரி:
கிராங்க் பற்றியும் சொல்லுங்கோ, எல்லாரும் இப்ப 165 எண்டுதான் பேச்சு.

அலன்கீ:
பலன் உண்டு, ஆனால் வரிசையில் கடைசி. 172.5 இலிருந்து 165 க்கு வந்தால் பெடல் மேலே 7.5 மி.மீ. குறைவாக ஏறும், சீற்றையும் 7.5 உயர்த்துவீர்கள், ஆக மேலே 15 மி.மீ. இடம் கிடைக்கிறது. பவர் மீற்றர் இடது கிராங்க் கையில் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றவேண்டி வரும். சீற் சரியான பிறகும் தொடை முட்டினால் மட்டும் யோசியுங்கள்.

கரையோரம்06:
நேரான போஸ்ற் போட்டாச்சு, சீற் 38 மி.மீ. முன்னே, உயரம் 71.5, சாய்வு 2 பாகை, 20 மி.மீ. ஸ்பேசர் கீழே. முழங்கால் நோ இல்லை. அதே இதயத்துடிப்புக்கு 186 வாட் நிற்கிறது. ஆனால் ஹாண்டில் துடிக்கிறது, தண்ணி எடுக்கக் கையை விட்டால் ஆட்டம். உண்மையில் வேகம் கூடினதா என்று எப்படிப் பரிசோதிப்பது? கொழும்பு மரைன் டிரைவ் (கடலோரப் பாதை) சரியா?

பெடல்காரி:
துடிப்பு, பாரம் முன்சில்லுக்குப் போனதால. ரோட் பிரேம் அதுக்கெண்டு செய்ததில்லை. போத்திலைக் கீழ்க்குழாயில வைக்காமல், ரெண்டு முன்கைக்கும் நடுவில, ஏரோபாருக்கு இடையில கிடையாகக் கட்டுங்கோ. குனியாமலே குடிக்கலாம், இந்த வெக்கையில பத்து நிமிசத்துக்கு ஒருக்கா குடிக்கத்தான் வேணும், காத்துக்கும் நல்லம். பஸ்ஸும் ஓட்டோவும் உள்ள பாதையில ஏரோபாரில படுக்க வேண்டாம், பிரேக் கையில இல்லை.

அலன்கீ:
மரைன் டிரைவ் பயிற்சிக்குச் சரி, அளவெடுக்கச் சரியில்லை. கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும், போய் வந்தாலும் அது ஒன்றையொன்று வெட்டாது. குறுக்கே ஆட்கள் வந்து பிரேக் பிடித்தால் கணக்கு குலையும். பத்தரமுல்லைப் பக்கம் வாகனம் குறைந்த சுற்று ஒன்றை விடியப்புறம், காற்று எழும்ப முன்னர் எடுங்கள். ஒரே உடை, ஒரே ரயர் காற்றழுத்தம், ஒரே போத்தில். பழைய நிலை, புதிய நிலை, திரும்பப் பழைய நிலை என்று மாறி மாறி ஒரே வாட்டில் ஓடுங்கள். பழைய நிலையின் இரண்டு ஓட்டங்களும் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகாவிட்டால் அன்றைய காற்று நம்பத்தக்கதல்ல, தூக்கிப் போடுங்கள். சீற்றைத் திரும்பத் திரும்ப நகர்த்த முடியாதென்றால் ஸ்பேசரை மட்டும் ஒப்பிடுங்கள்.

மற்றது, ஏரோபாரில் படுத்தால் வியர்வை நேரே ஸ்டெம் போல்ட்டுகளிலும் மேல்மூடியிலும் சொட்டும். கடற்காற்றும் சேர்ந்தால் சீக்கிரம் துருப்பிடித்து அலன் கீ பிடிக்காமல் வழுகும். ஓடி வந்ததும் நல்ல தண்ணியால் துடைத்துவிட்டு, மாதத்தில் ஒருமுறை போல்ட்டைக் கழற்றிக் கிரீஸ் போட்டு மீண்டும் 5 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். ஏரோபார் கவ்வியின் போல்ட்டுகளுக்கு அதன் மேல் அச்சிட்ட அளவு. எப்போதாவது கார்பன் ஹாண்டிலுக்கு மாறினால், அது கிளிப்-ஒன் பூட்ட அனுமதிக்கப்பட்டதா என்று பார்த்த பிறகுதான் கவ்வியை வையுங்கள்.