பந்தலும் பூவாளியும்

குழு: நம்ம வீடு

சித்தி: (படம்) செடி பீன்ஸ் போட்டு 45 நாள் ஆகிறது. இலை முறம் மாதிரி. பூக்கிறது, கொட்டிவிடுகிறது. ஒரு பிஞ்சு இல்லை. நாங்கள் வியாழக்கிழமை கிளம்புகிறோம், பத்து நாள் யார் தண்ணீர் ஊற்றுவீர்கள்?

அக்கா: பின்னால் அந்தக் கம்பெல்லாம் என்ன?

சித்தப்பா: பந்தல்

அக்கா: 😂😂 செடி பீன்ஸ் ஏறாது சித்தப்பா, இரண்டு அடியோடு நின்றுவிடும்

சித்தி: இரண்டு நாள் லீவு போட்டுக் கட்டினார். நான் வாயே திறக்கவில்லை.

சித்தப்பா: விதை கொடுத்தவர் சொல்லவில்லையே

பெரியப்பா: சொன்னேன். நீ மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பெரியப்பா: எல்லோரும் கவனமாகப் படியுங்கள். பீன்ஸை நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் வேர் தாங்காது, நேராக மண்ணில்தான் ஊன்ற வேண்டும், ஒரு அங்குல ஆழம், நாலு அங்குல இடைவெளி, ராத்திரி முழுக்க ஊறவைத்தால் விதை வெடித்து அழுகிவிடலாம், அது ஒரு பக்கம் இருக்கட்டும். இலை மண்டிக் காய் இல்லையென்றால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், கூடிவிட்டது. பீன்ஸ் வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கும், நாமும் மேலே கொட்டினால் செடி இலை விட்டுக்கொண்டே இருக்கும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினாலும் பூ உதிரும். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாரம்மா.

சித்தி: யூரியா போடச் சொன்னதே நீங்கள்தானே அத்தான்

பெரியப்பா: அது கீரைக்கு

சித்தப்பா: உங்கள் வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது. போடவா?

அத்தை: வேண்டாம் தம்பி, ஆரம்பிக்காதே

சித்தி: பிடுங்கிப் பார்த்தேன். வேரில் கடுகளவு உருண்டை, நாலைந்துதான். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நோயா?

பெரியப்பா: நோயில்லை. சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது. நிறைய இருக்க வேண்டியது, யூரியாவால் குறைந்துவிட்டது. இனி எந்த உரமும் வேண்டாம்.

சித்தப்பா: கீரை யூரியா 😌

அத்தை: எனக்குக் காய்த்துத் தள்ளுகிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்கிறேன். பென்சில் பருமனில், உள்ளே விதை புடைப்பதற்குள். விட்டால் நார்தான். பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும்.

அக்கா: இலை ஈரமாக இருக்கும்போது மட்டும் கை வைக்காதீர்கள் அத்தை, ஒரு செடி நோய் எல்லாச் செடிக்கும் போகும்

அத்தை: தெரியும்டி. வேரடியில்தான் ஊற்றுகிறேன், காலையில்.

சித்தி: எதில் ஊற்றுகிறீர்கள் அண்ணி? எங்கள் பச்சைப் பூவாளியிலா?

அக்கா: ஐயோ, மறுபடியும் பூவாளியா

அத்தை: மூன்று வருஷமாக இதே கேள்வி. அது என்னிடம் இல்லை. அண்ணாதான் வாங்கிப் போனார்.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா: படித்துவிட்டேன் 😂

சித்தப்பா: சரி, கம்பைப் பிடுங்கவா வேண்டாமா?

பெரியப்பா: இருக்கட்டும். மேலே பழைய துணி ஒன்றைக் கட்டு, மதிய வெயிலுக்கு நிழலாகும்.

சித்தப்பா: பார்த்தீர்களா, பந்தல் வீண் போகவில்லை

சித்தி: தண்ணீர் யார் என்று யாருமே சொல்லவில்லை

அக்கா: எனக்கு சனி, ஞாயிறு முடியும்

பெரியப்பா: 👍

சித்தி: 👍 என்றால் வருகிறீர்களா அத்தான்?

அத்தை: பூவாளி வந்தால் நானும் வருகிறேன்