கலைச்சொல் விவாதம்: சால்மன் முட்டையிடும் இடத்துக்குச் ‘சினைக்குழி’ சரிதானா?

அன்புள்ள குழுவினருக்கு,

கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ ஆற்றிலும் அமெரிக்கன் ஆற்றிலும் அணைகளுக்குக் கீழே சரளை கொட்டும் பணி பற்றித் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. பெண் சால்மனும் ஸ்டீல்ஹெட் என்ற டிரவுட் மீனும் வாலால் அடித்துச் சரளையைப் பறித்து முட்டையிடும் இடத்தை அங்கே ‘ரெட்’ (redd) என்கிறார்கள். அப்படியே எழுதினால் படிப்பவர் சிவப்பு என்று எடுத்துக்கொள்வார். ‘மீன்கூடு’ பொருந்தாது, நம் கடற்கரையில் கூடு என்றால் மீன் பிடிக்கும் பொறி. ‘சினைக்குழி’ என்று வைத்திருக்கிறேன். மறுப்பு உண்டா?

—

> ‘சினைக்குழி’ என்று வைத்திருக்கிறேன்

உண்டு. முட்டை குழியில் இருப்பதில்லை.

பெண்மீன் முதலில் ஒரு குழி பறிக்கிறது. அதில் முட்டையிட, ஆண் கருவூட்டுகிறது. உடனே பெண்மீன் சற்று மேல்நீர்ப் பக்கம் நகர்ந்து அடுத்த குழியைப் பறிக்கும். அப்போது கிளம்பும் கற்களை நீரோட்டம் கொண்டுபோய் முந்தைய முட்டைகளின் மேல் போடும். பல முறை இப்படி நடந்து முடிந்தபின் மேல்நீர்ப் பக்கம் வெறும் குழி ஒன்றும், கீழ்நீர்ப் பக்கம் நீண்ட மேடு ஒன்றும் மிஞ்சும். முட்டைகள் அந்த மேட்டுக்கு அடியில்; சினூக் என்ற சால்மன் இனம் என்றால் சுமார் 15 முதல் 50 செ.மீ. ஆழத்தில்.

‘சினைக்குழி’ என்று படித்த களப்பணியாளர் குழியைச் சுற்றிக் கொடி நட்டுவிட்டு மேட்டின் மேல் ஏறி நிற்பார். கருவுக்குக் கண்புள்ளி தெரியும்வரை முட்டை அதிர்வைத் தாங்காது. ஒரு சொல்லுக்காக அத்தனையும் போகும்.

—

அப்படியானால் ‘சினைமேடு’?

—

மேடு மட்டும் என்றால் அளவெடுப்பவர் குழியை விட்டுவிடுவார். பரப்பைக் கணக்கிடும்போது இரண்டும் சேரும். ‘புதைமேடு’ என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன், அது இடுகாட்டை நினைவூட்டும்.

என் முன்மொழிவு ‘சினைப்பாத்தி’. பாத்தி என்றால் வெட்டிய பள்ளமும் அணைத்த மண்ணும் சேர்ந்ததுதான். விதை மூடிக் கிடக்கும் இடம். வினையாகவும் வரும்: மீன் பாத்தி வெட்டுகிறது, பாத்தி மூடுகிறது. ‘பாத்திக் கணக்கெடுப்பு’ என்றால் விளக்கம் கேட்க மாட்டார்கள். ‘சினை’ என்பது வயிற்றில் இருப்பது மட்டும்தானே என்பீர்கள். அகராதியில் முட்டை என்ற பொருளும் உண்டு.

நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். கடலுக்குப் போய்த் திரும்புவதற்குத்தான் ஸ்டீல்ஹெட் என்று பெயர். ஆகவே சொல் அவலாஞ்சி ஓடைக்கும் உதவும்.

—

> என் முன்மொழிவு ‘சினைப்பாத்தி’

நெருடுகிறது. பாத்தியில் நீரைத் தேக்குவோம். இங்கே நீர் கற்களின் இடுக்கு வழியே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முட்டைக்கு உயிர்வளி கொண்டுவருவதும் கழிவைக் கொண்டுபோவதும் அந்த ஓட்டம்தான். மடுவின் வால்பகுதியில், நீர் ஆழம் குறைந்து வேகம் பிடிக்கத் தொடங்கும் இடத்தில், மீன் வெட்டுவதும் அதனால்தான். அங்கே நீர் தானாகவே சரளைக்குள் இறங்கும்.

1 மி.மீ.க்குக் குறைந்த துகள் எடையில் 12–14 விழுக்காடு ஆனாலே குஞ்சுகளில் ஏறத்தாழ பாதிதான் வெளிவரும் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் வரம்பு. அதைவிடப் பருத்த மணல் வேறு விதமாகக் கெடுக்கும்: நீர் போகும், முட்டை பொரிக்கும், ஆனால் குஞ்சு மேலே வர வழியிருக்காது.

—

நாற்றங்காலுக்கு நாம் போடும் மேட்டுப்பாத்தியில் நீர் தேங்குவதில்லையே. ‘பாத்தி’ நிற்கட்டும். நீரோட்டத்தை வரையறையில் சொல்லிவிடலாம்.

நான் கவலைப்படுவது கையேட்டின் வேறொரு சொல்லைப் பற்றி. ஓரிடத்தில் ‘ஜல்லி’ என்று வந்திருக்கிறது. ஜல்லி என்றால் குவாரியில் உடைத்த, முனை கூர்ந்த கல். இங்கே வேண்டியது ஆறு உருட்டிய கல், ‘சரளை’. ஷாஸ்டா அணை 1945இலும் கெஸ்விக் அணை 1950இலும் முடிந்தபின் மேலிருந்து வர வேண்டிய சரளை நீர்த்தேக்கத்திலேயே நின்றுவிட்டது. கீழே சிறு கல் அடித்துப்போக, மீனால் புரட்ட முடியாத பெருங்கல் மட்டும் எஞ்சியது. அமெரிக்கன் ஆற்றில் 1955இன் நிம்பஸ் அணைக்குக் கீழும் இதே நிலைதான். அந்தக் குறையைத்தான் லாரியில் நிரப்புகிறார்கள்.

அளவு: சினூக்குக்கு 13 முதல் 102 மி.மீ. வரை, ஸ்டீல்ஹெட்டுக்கு 6 மி.மீ.யிலிருந்து. பெண்மீன் தன் உடல் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு வரை இடைநிலை விட்டமுள்ள (பாதிக் கல் அதைவிடச் சிறிது, பாதி பெரிது) சரளையைப் புரட்டும், 80 செ.மீ. மீனுக்கு அது 8 செ.மீ. நீர் ஆழம் குறைந்தது 24 செ.மீ., வேகம் நொடிக்கு சினூக்குக்கு 30–90 செ.மீ., ஸ்டீல்ஹெட்டுக்கு 40–90. கொட்டும் முன் சலித்துக் கழுவியாக வேண்டும். பழைய தங்கச் சுரங்கக் கழிவுக் குவியலிலிருந்து எடுப்பதென்றால் பாதரசத்துக்குச் சோதனை தேவை. நுண்துகளில்தான் அது ஒட்டியிருக்கும்.

கொட்டுவதிலும் இரண்டு வகை. கரையோரம் குவித்து வெள்ளம் பரப்பட்டும் என்று விடுவது மலிவு, ஆனால் பாத்திக்குரிய இடத்திலேயே போய்ப் படியும் என்பதற்கு உறுதியில்லை. இயந்திரத்தால் ஆற்றுக்குள்ளேயே பரப்பினால் அந்தப் பருவத்திலேயே மீன் பயன்படுத்தும். இலையுதிர்காலத்தில் ஆறேறும் சினூக் வரும் முன் முடித்துவிட வேண்டும். இவற்றை ‘வெள்ளப்பரப்பு’, ‘நேர்ப்பரப்பு’ என்று பிரிக்கலாமா?

—

நேர்ப்பரப்பு சரி. வெள்ளப்பரப்பு என்றால் வெள்ளம் சூழ்ந்த நிலம் என்று தோன்றும், ‘குவித்துவிடல்’ போதும்.

வரையறையில் நீர்மட்டத்தையும் சேருங்கள். மீன் பாத்தி வெட்டியபின் அணைத் திறப்பைக் குறைத்தால் மேடு வெளியே வந்துவிடும். சரளைக்குள் ஈரம் இருந்தால் முட்டை சில நாள் தாங்கும், பொரித்த குஞ்சு தாங்காது. அதனால் பாத்தியின் வயதைத் தெரிந்துகொண்டுதான் திறப்பைக் குறைக்கும் தேதி குறிக்க வேண்டும்.

இன்னும் ஒரு சொல் தேவை. பெண்மீன் சில இடங்களில் பறித்துப் பார்த்து, பிடிக்காமல் முட்டையிடாமலே போய்விடும். பாசி நீங்கிக் கல் வெளுத்திருப்பதால் மேலிருந்து பார்க்க உண்மைப் பாத்தி போலவே இருக்கும், கீழே மேடு மட்டும் சரியாகத் திரண்டிருக்காது. இதற்குப் ‘பொய்ப்பாத்தி’ என்று வைப்போம். படிவத்தில் சினைப்பாத்தியோடு கூட்டாமல் தனி நிரலாக விடுங்கள்.