பதினொன்றரைக்குக் கிளம்பிய கவிஞர்

ராஜி சித்தி: ஜாய்ஸ் ஜான்சனின் ‘மைனர் கேரக்டர்ஸ்’ நேற்று ராத்திரி முடித்தேன். 1983இல் வந்த நினைவுக்குறிப்பு. கார்த்தி, நீ கொண்டாடும் அமெரிக்க நாவலாசிரியர் ஜாக் கெரூவாக்கை இவர் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறார்.

கார்த்தி: அவர் கெரூவாக்கின் காதலிதானே சித்தி?

ராஜி சித்தி: அப்படியேதான் எல்லோரும் சொல்கிறார்கள். அவரும் நாவல் எழுதியவர்டா. 1957 ஜனவரியில், கெரூவாக்கின் நண்பரான கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் ஏற்பாட்டில், நியூயார்க் உணவகம் ஒன்றில் முதல் சந்திப்பு. கெரூவாக் கையில் காசில்லை. சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தது 21 வயது ஜாய்ஸ். செப்டம்பரில் கெரூவாக்கின் ‘ஆன் தி ரோட்’ நாவலுக்கு மதிப்புரை வந்த நியூயார்க் டைம்ஸை நள்ளிரவில் கடைக்கே போய் வாங்கிப் படித்தபோதும் கூட நின்றவர் அவர்தான்.

பெரியப்பா: வேலை, வீடு எல்லாவற்றையும் உதறிவிட்டு ஊர் சுற்றியவர்கள்தானே பீட் எழுத்தாளர்கள், அந்த 1950களின் கெரூவாக், கின்ஸ்பெர்க் கூட்டம்?

ராஜி சித்தி: வாடகையை யார் கட்டியது அத்தான்? ஹெட்டி ஜோன்ஸ் வேலைக்கும் போனார். கணவரான கவிஞர் லீராய் ஜோன்ஸுடன் நடத்திய ‘யூகன்’ பத்திரிகையைத் தட்டச்சு செய்து பக்கமும் ஒட்டினார். அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு வரும்போது 60 வயது தாண்டிவிட்டது.

பிரியா: கவிஞர் எலிஸ் கோவனை விட்டுவிட்டீர்களே. கின்ஸ்பெர்க்கின் ‘காடிஷ்’ கவிதையைத் தட்டச்சு செய்தவர். 1962இல் இறந்தார். எழுதியதில் பெரும்பகுதியைக் கொளுத்திவிட்டார்கள். நண்பரிடம் இருந்த ஒரு நோட்டு தப்பியது. ஜாய்ஸ் எழுதித்தான் எனக்கு அந்தப் பெண்ணைத் தெரியும்.

பெரியப்பா: சரிம்மா. ஆனால் கெரூவாக் பெயர் இல்லாவிட்டால் இந்தப் புத்தகங்களை யார் தேடிப் படிப்பார்கள்?

ராஜி சித்தி: அவர் பெயருக்காகவே எடுங்கள், பரவாயில்லை. பீட் கவிஞர் டயான் டி பிரைமா ஒரு ராத்திரி நண்பர்கள் கூட்டத்தில் இருந்து கிளம்புகிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தோழியிடம் பதினொன்றரைக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். பிள்ளை பார்க்கிறவளை மறந்தால்தான் நீ எழுத்தாளர் ஆவாய் என்று அத்தனை பேர் முன்னாலும் கெரூவாக் சத்தம் போடுகிறார். டயான் போய்விட்டார். சொன்ன நேரத்துக்கு வீடு சேர்வதும் கவிதையை விடாமல் எழுதுவதும் ஒரே ஒழுக்கம்தான் என்று பின்னால் எழுதினார். அந்த வீட்டுப் பக்கத்தைக் கெரூவாக் எங்கே பார்த்தார்?

பெரியப்பா: எந்தப் புத்தகத்தில் வருகிறது?

ராஜி சித்தி: ‘ரீகலெக்‌ஷன்ஸ் ஆஃப் மை லைஃப் அஸ் எ வுமன்’, 2001.

கார்த்தி: ஞாயிற்றுக்கிழமை வரும்போது இரண்டையும் கொண்டு வாங்க சித்தி.

பெரியப்பா: டயான் முதலில் எனக்கு.